சத்தமில்லாத மண்

ஆஸிக் ஓரிடத்தில் அமர்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் குறைவு. கூட்டங்களில் எழுந்து நின்றுதான் பேசுவார். தொலைபேசி வந்தால் அறையின் நீளத்தை அளப்பவர்போல நடப்பார். சாப்பாட்டு மேசையில்கூட ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். கஹவத்தை பஸாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த ஒருவரின் மகன் சிங்கப்பூரில் பெரும் பணக்காரரானதற்கு இந்த நிலைகொள்ளாமைதான் காரணம் என்று அவருடைய மனைவி பாஹிமா சொல்வதுண்டு. அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்பது ஆஸிக்குக்கு ஒருபோதும் தெளிவாகவில்லை.

அவருக்குப் பணம் வந்தது துறைமுகக் கிரேன்களில் இருந்து. பெரிய கிரேன் ஒன்று உடைவதற்குப் பல நாட்களுக்கு முன்பே அதன் சுழலும் பாகங்களின் சத்தம் மாறிவிடும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த மாற்றத்தைப் பிடித்து எச்சரிக்கும் மென்பொருளை ஆஸிக்கும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து எழுதினார்கள். பன்னிரண்டு வருடங்களில் நாற்பது துறைமுகங்கள் அதை வாங்கின. நாற்பத்து மூன்றாவது வயதில் கம்பனியை விற்றுவிட்டு, அந்தப் பணத்தை மற்றவர்களின் புதிய கம்பனிகளில் போடத் தொடங்கினார். உணவு கொண்டுபோகும் செயலி, பணம் அனுப்பும் செயலி, உடற்பயிற்சி சொல்லித்தரும் செயலி. எதுவும் அவரை ஒரு மாதத்துக்கு மேல் பிடித்து வைக்கவில்லை.

அப்போதுதான் டொக்டர் மர்லியாவின் கடிதம் வந்தது. மர்லியா இரத்தினபுரிக்காரர். நிலத்தின் அதிர்வுகளை ஆராய்ந்து பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். மலைச்சரிவும் பெயர்ந்து விழுவதற்கு முன் உள்ளே சின்னச் சின்னச் சத்தங்களை எழுப்புகிறது, அதை நிலத்துக்கடியில் கருவிகள் புதைத்துக் கேட்கலாம், மண் சரிவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே சொல்லிவிடலாம் என்று நம்புகிறேன், ஆனால் நிரூபிக்கப் பணமும் காலமும் வேண்டும் என்று இரண்டே பக்கத்தில் எழுதியிருந்தார். விமான நிலையத்தில் நடந்துகொண்டே ஆஸிக் அதைப் படித்தார். விமானத்தில் ஏறுவதற்கு முன் பணம் தருவதாகப் பதில் அனுப்பிவிட்டார். மலையும் ஒரு கிரேன்தானே என்று அவருக்குத் தோன்றியது.

றக்வானைக்கு மேலே ஹேவன்டேல் என்ற தோட்டத்தின் மேற்பிரிவில் வேலை தொடங்கியது. நாற்பத்து மூன்று குடும்பங்கள் இருக்கும் மூன்று லயங்கள், தொழிலாளரின் வரிசை வீடுகள். அவற்றின் முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக எழும் தேயிலைச் சரிவு. அந்தச் சரிவில் நூற்று நாற்பது கருவிகளைப் புதைத்தார்கள். மூடிக் கிடந்த பழைய மருந்தகக் கட்டடம் அலுவலகமானது. அதே தோட்டத்தில் பிறந்து, பெலிஹுல்ஓயா பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த விஜயகலா, கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் சேர்ந்தாள். கீழ் லயத்தில் கணவன் ஜெயகாந்தனோடு இருந்த அவளுக்குச் சரிவின் ஒவ்வொரு வரப்பும், மழைத்தண்ணீர் ஓடும் ஒவ்வொரு காணும் தெரியும்.

மூன்று வருடம் போனது. மலை நிறையச் சத்தம் போட்டது. மழை விழும் சத்தம், வேர் இழுபடும் சத்தம், கீழே பாதையில் பஸ் கியர் மாற்றும் சத்தம், பன்றி கிளறும் சத்தம். இவற்றையெல்லாம் கழித்துவிட்டு மண் நகரும் சத்தத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மர்லியா ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஆஸிக் மாதம் ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து வந்து, வாசலுக்கும் மேசைக்கும் இடையே நடந்தபடி, இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டார். இன்னும் சில மழைக்காலங்கள் என்ற பதில் அவருக்குத் தாங்கவில்லை. கிரேன் மென்பொருளைப் பதினாலு மாதத்தில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் அவர்.

லயங்களின் நடுவே ஒரு சைரன் பொருத்தியிருந்தார்கள். மர்லியாவும் தோட்ட நிர்வாகியான துரையும் சேர்ந்து முடிவெடுத்தால் மட்டுமே அதை ஒலிக்க வைக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட ஒப்பந்தம். ஆனால் அதை இயக்கும் செயலியைச் செய்தது ஆஸிக்கின் ஆட்கள். எல்லாக் கதவையும் திறக்கும் கடவுச்சொல் ஒன்று அவருடைய தொலைபேசியில் இருந்தது. அதைப்பற்றி யாரும் பேசியதில்லை.

அந்த ஒக்டோபரில் மழை நான்கு நாட்களாக விடவில்லை. ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸிக் அலுவலகத்தில் இருந்தார். துரை கொழும்புக்குப் போயிருந்தார். கணினித் திரையில் கருவிகளின் சத்தத்தைக் காட்டும் கோடு ஏறிக்கொண்டிருந்தது. முதலில் மெதுவாக, பிறகு ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் முன்னதைவிட வேகமாக. ஆஸிக்குக்கு அந்த வளைவு மனப்பாடம். கிரேன் உடையப்போகும்போது வரும் வளைவு.

மர்லியா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏறுவது பதினொரு கருவிகளில் மட்டும்தான், மற்றவை அமைதியாக இருக்கின்றன, மண் நகர்ந்தால் அப்படி இருக்காது என்றார். மேலே போய் நிலத்தடி நீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன், மூன்று மணிக்கு முடிவெடுப்போம் என்று மழைக்கோட்டை எடுத்தார்.

“மூணு மணிக்கு மலை நமக்காக காத்துக்கொண்டு ஈக்குமா?” என்று ஆஸிக் கேட்டார்.

“ஆஸிக் நானா, பிழையா ஊதினா அடுத்த தரம் யாரும் வரமாட்டாங்க. கொஞ்சம் பொறுங்க. நான் போய்ப் பார்த்துட்டு வாறேன்” என்றார் மர்லியா, அண்ணனிடம் சொல்வதுபோல.

மர்லியா போனார். ஆஸிக் நடந்தார். ஜன்னலில் நின்று பார்த்தால் லயத்துக் கூரைகள் தெரிந்தன. ஒரு கூரையிலிருந்து அடுப்புப் புகை மழைக்குள் கிளம்பிக்கொண்டிருந்தது. மறுபடி திரைக்கு வந்தார். கோடு இன்னும் ஏறியிருந்தது. மறுபடி ஜன்னலுக்குப் போனார். இப்படி எத்தனை தடவை என்று அவருக்குத் தெரியாது. பதினொன்று இருபதுக்கு அவர் தொலைபேசியை எடுத்துக் கடவுச்சொல்லைப் போட்டு சைரனை ஊதவைத்தார்.

விஜயகலா அப்போது நடு லயத்தில் இருந்தாள். சைரன் ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று மக்களுக்கு மூன்று வருடமாகச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். ஒரு கணமும் யோசிக்காமல் கதவுகளைத் தட்டினாள். நடக்க முடியாதவர்களை ஆண்கள் தூக்கினார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்து, அடையாள அட்டை வைத்த பைகளை மார்போடு அணைத்து, வழுக்கும் கற்படிகளில் நூற்றெழுபது பேர் கீழே இறங்கினார்கள். அரை மணித்தியாலத்துக்குள் எல்லோரும் கீழே இருந்த தோட்டப் பாடசாலைக்கு வந்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர.

அது புஷ்பவதி. ஐம்பத்திரண்டு வயது, அந்த வயதிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தவர். மேல் லயத்தில் கணவர் ராஜதுரையோடு இருந்தார். பாதி வழி வந்தவர் கொட்டிலில் கட்டியிருந்த பசுவை நினைத்துத் திரும்பி ஏறினார். கயிற்றை அவிழ்த்ததும், சைரன் சத்தத்தில் மிரண்டிருந்த மாடு இழுத்துக்கொண்டு ஓடியது. கயிறு கையில் சுற்றியிருந்த புஷ்பவதி, காணுக்குள் போய் விழுந்தார். ராஜதுரை தேடிப்போனபோது அவருக்கு எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஒரு கதவைக் கழற்றி, அதில் படுக்கவைத்து நான்கு பேர் சுமந்து இறக்கினார்கள்.

மர்லியா நனைந்து சேறாகி அலுவலகத்துக்கு வந்தார். நீர் மட்டம் ஆபத்தான அளவுக்குக் கீழேயே இருந்தது. ஆஸிக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

மலை விழவில்லை. அன்றும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. பாடசாலை மண்டபத்தில் இரண்டு இரவுகள் படுத்துவிட்டு மூன்றாம் நாள் வெயிலில் மக்கள் வீடுகளுக்கு ஏறிப்போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. அலுவலக வாசலைக் கடக்கும்போது மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விஜயகலா அங்கேயே நின்றிருந்தாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவளைத் தெரியாதவளைப்போலக் கடந்து போனார்கள்.

காரணத்தை மர்லியா நான்கு நாட்களில் கண்டுபிடித்தார். மேலே ஒரு காண் அடைபட்டு, மழைத்தண்ணீர் வேறு பக்கமாகத் திரும்பி, பதினொரு கருவிகளுக்கு மேலே அருவிபோலக் கொட்டியிருந்தது. ஆஸிக் கேட்டது மண் நகரும் சத்தத்தை அல்ல. தண்ணீரின் சத்தத்தை.

புஷ்பவதிக்கு இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நடந்தது. ஆஸிக் சிங்கப்பூருக்குப் போகவில்லை. ஓப்பநாயக்கையில் இருந்த தன் சகோதரி றுகையாவின் வீட்டில் தங்கினார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். மூன்றாம் நாள் விஜயகலாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வார்டில் கட்டிலருகே ஒரு முக்காலி இருந்தது. ராஜதுரை எழுந்து அதைத் துடைத்து அவருக்குக் கொடுத்தார். ஆஸிக் உட்கார்ந்தார். தான் அவசரப்பட்டுச் செய்த பிழை இது, டொக்டரம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார், விஜயகலாவுக்கும் எதுவும் தெரியாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சிகிச்சைக்கும் அதன் பிறகு ஆகும் எல்லாவற்றுக்கும் தானே பொறுப்பு என்றார். புஷ்பவதி கேட்டுக்கொண்டிருந்தார். வலியில் வாய் வறண்டிருந்தது. ராஜதுரை கொடுத்த தண்ணீரைக் கொஞ்சம் குடித்தார்.

“மாடு கெடைச்சிருச்சுங்க, மொதலாளி” என்றார் முதலில். பிறகு, “அந்த மலை என்னைக்கோ ஒரு நாள் விழும்ங்க. அது எங்களுக்குத் தெரியாமலா? எங்க வூட்டுப் பின்சுவரு வெடிச்சு ஏழு வருசம் ஆச்சு. மழை பேஞ்சா நானும் இவரும் மாறி மாறித்தான் தூங்குவோம்.”

அப்படியென்றால் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்று ஆஸிக் கேட்டார். கேட்டவுடனேயே கேட்டிருக்கக்கூடாது என்று தெரிந்தது. விஜயகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

புஷ்பவதிக்குக் கோபம் வரவில்லை. “எங்க போறதுங்க? தோட்டத்து நெலம் எங்களுது இல்ல. நீங்க வந்து எந்த நேரம் போவணும்னு சொல்றேன்னீங்க. சந்தோசம். எங்க போயி இருக்கணும்னு யாரும் சொல்லலையே. ரெண்டு நாளு இஸ்கூல்ல படுத்துட்டு அதே வூட்டுக்குத்தானே ஏறுனாங்க எல்லாரும்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். தாதி வந்து நேரம் முடிந்தது என்று சிங்களத்தில் சொல்லும்வரை ஆஸிக் அந்த முக்காலியிலேயே இருந்தார்.

மறுநாள் அவர் மருந்தகக் கட்டடத்துக்குப் போனபோது, மர்லியா தன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். விலகல் கடிதம் மேசைமேல் இருந்தது. ஆஸிக் தொலைபேசியை நீட்டி, கடவுச்சொல்லை அவர் கண்முன்னே அழித்தார். அது போதாது என்றார் மர்லியா. பணம் கொடுப்பவர் கண்டபடி கைவைக்கும் ஆராய்ச்சி ஆராய்ச்சியே அல்ல என்றார். பணத்தை ஒரு நம்பிக்கை நிதியில் போட வேண்டும், அதை நிறுத்தவோ வேகப்படுத்தவோ ஆஸிக்கால் முடியக்கூடாது, திரையில் வரும் எண்களைக்கூட அவர் பார்க்கக்கூடாது.

“பார்க்கவும் கூடாதா?”

“பார்த்தா உங்களால சும்மா இருக்க ஏலாது, நானா. உங்களுக்கே தெரியும்.”

ஆஸிக் வாசல்வரை நடந்து போய் வந்தார். பிறகு ஒத்துக்கொண்டார். ஒன்று மட்டும் கேட்டார். எந்த மண் எப்போது விழும் என்று சொல்வதற்கு இன்னும் பல வருடம் ஆகலாம். எந்த மண் விழாது என்று சொல்ல முடியுமா? சத்தமே போடாத மண் இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியுமா?

மர்லியா கையில் இருந்த புத்தகத்தைக் கீழே வைத்தார். அது வேறு கேள்வி என்றார். அதற்குத் துளை போட வேண்டும், சாய்வு அளக்க வேண்டும், தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்க்க வேண்டும். விழாது என்று சத்தியம் பண்ண முடியாது, ஆனால் அருகருகே இரண்டு இடத்தை வைத்து எது நல்லது என்று தைரியமாகச் சொல்லலாம். இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை என்றும் சொன்னார்.

அடுத்த ஒரு வருடம் ஆஸிக் வாழ்க்கையில் அதுவரை காணாத அளவு காத்திருந்தார். மர்லியாவும் விஜயகலாவும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு ஐந்து மைல் சுற்றளவில் அலைந்தார்கள். மிக நல்ல இடம் தோட்டத்துக்குள்ளேயே கிடைத்தது. கைவிடப்பட்ட பழைய தேயிலை, அகலமான தட்டை நிலம். அதைக் கேட்டு ஆஸிக் எழுதாத அலுவலகம் இல்லை. தோட்டக் கம்பனி, நிலம் அரசாங்கத்துடையது, தங்களுக்குக் குத்தகை மட்டுமே என்றது. அரசாங்க அலுவலகம், கம்பனியின் சம்மதம் வேண்டும் என்றது. சிங்கப்பூரில் ஒரு தொலைபேசி அழைப்பில் கட்டடம் வாங்கியவர், கொழும்பில் ஓர் அலுவலக நடையில் போட்டிருந்த வாங்குப் பலகையில் மூன்று மணித்தியாலம் காத்திருந்து ஒரு கையெழுத்தும் கிடைக்காமல் திரும்பினார். பாஹிமா தொலைபேசியில் அவர் குரலைக் கேட்டு, இந்தத் தடவை இதை விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போகமாட்டீர்களா என்று கேட்டார். போகமாட்டேன் என்றார். பாஹிமா அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கேட்கவில்லை.

கடைசியில் இரண்டாவது நல்ல இடம்தான் கைக்கு வந்தது. றக்வானைப் பாதையில் ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் சோமரத்னவின் நான்கு ஏக்கர் றப்பர் காணி. அதில் கட்டத் தகுந்தது இரண்டு ஏக்கர் என்று மர்லியா கோடு போட்டுக்காட்டினார். கூட்டினால் நல்லது என்று ஆஸிக் கெஞ்சிப் பார்த்தார். மர்லியா கோட்டை நகர்த்தவில்லை. பதினொரு வீடுகளுக்குத்தான் இடம் இருந்தது.

யாருக்கு என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கு ஆஸிக்கை வரவேண்டாம் என்று விஜயகலா சொல்லிவிட்டாள். கோயில் முன்னால் மக்கள் தாங்களே பேசினார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பேசினார்கள். சரிவுக்கு மிக நெருக்கமான மேல் லயத்துக்கு வீடுகள் என்று முடிவானது. இரண்டு குடும்பங்கள் தூரத்தைச் சொல்லி மறுத்தன, அவர்களுக்குப் பதில் நடு லயத்தில் இரண்டு குடும்பங்கள். கீழ் லயத்தில் இருந்த விஜயகலாவுக்கு வீடு இல்லை. அதை அவள் ஆஸிக்கிடம் வந்து சொன்னபோது, உனக்கு நான் தனியாக ஏதாவது செய்கிறேன் என்று அவர் தொடங்கினார்.

“வேணாம் சேர். அப்படிச் செஞ்சீங்கன்னா நான் அங்க யாரு மூஞ்சியிலயும் முழிக்க ஏலாது. மிச்ச முப்பத்திரெண்டு வூட்டுக்கு நெலம் தேடுங்க. அதுல எங்களுது வரும்.”

வீடுகளைக் கட்டி முடித்த பின் வந்த மே மாதத்தில், பதினொரு குடும்பங்கள் குடிவந்து ஆறு வாரம் ஆகியிருந்தபோது, மழை பெரிதாகப் பிடித்தது. ஆஸிக் அன்று புஷ்பவதியின் வீட்டுக்கு வந்திருந்தார். புஷ்பவதி கைத்தடியோடு நடக்கப் பழகியிருந்தார். கொழுந்துக்குப் போக இனி முடியாது. முன் அறையில் சின்னக் கடை ஒன்று போட்டிருந்தார். ஆஸிக் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கும் சுவருக்கும் இடையே நடந்தார். மலைப்பக்கம் மேகத்தில் மறைந்திருந்தது. எண்கள் என்ன சொல்கின்றன என்று அவருக்குத் தெரியாது. மர்லியாவை அழைக்க இரண்டு தடவை தொலைபேசியை எடுத்து, இரண்டு தடவையும் சட்டைப்பையில் வைத்தார்.

பகல் ஒன்றரை மணியிருக்கும். பாதையில் ஒரு லொறி வந்து நின்றது. அதிலிருந்து நனைந்த சனங்கள் இறங்கினார்கள். பின்னால் ஒரு டிரக்டர், அதன் பின்னால் இன்னொரு லொறி. மர்லியாவும் துரையும் சேர்ந்து முடிவெடுத்து சைரன் ஊதியிருந்தார்கள். இந்தத் தடவை ஆட்கள் பாடசாலைக்குப் போகவில்லை. இங்கே வருகிறோம் என்று அவர்களே லொறிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பதினொரு வீடுகளின் கதவுகளும் திறந்தன. ஒரு வீட்டுக்கு மூன்று குடும்பம் என்று புகுந்தார்கள். புஷ்பவதி பெரிய பானையை அடுப்பில் ஏற்றச் சொல்லி ராஜதுரையைப் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். கடையில் இருந்த பாண் ரொட்டியெல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது.

ஆஸிக் பாதையோரம் நின்றார். ஒவ்வொரு வண்டியிலும் விஜயகலாவைத் தேடினார். ஜெயகாந்தன் இரண்டாவது லொறியில் வந்துவிட்டான், அவள் எங்கே என்று கேட்டதற்குக் கடைசி வண்டி என்றான். மூன்று மணிக்கு அந்த வண்டி வந்தது. முன் ஆசனத்தில் மர்லியாவும், பொலித்தீனில் சுற்றிய கணினியை மடியில் வைத்துக்கொண்டு விஜயகலாவும் இருந்தார்கள். ஆஸிக் அங்கிருந்த மதகின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

நாலு பத்துக்குச் சரிவின் ஒரு பகுதி பெயர்ந்து வந்தது. மேல் லயத்தின் ஐந்து வீட்டுக் காம்பராக்களை மண் மூடியது. ஐந்தும் வெறுமையாக இருந்தவை. நடு லயத்தில் சுவர்கள் வெடித்தன. கீழ் லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த உயிருக்கும் சேதம் இல்லை என்று அன்று மாலைக்குள் உறுதியாகத் தெரிந்தது.

செய்தி பரவியதும் சிங்கப்பூரிலிருந்து பழைய கூட்டாளிகள் அழைத்தார்கள். சாதித்துவிட்டாய், இதை உலகம் முழுக்கக் கொண்டுபோகலாம் என்றார்கள். ஆஸிக் தொலைபேசியை மர்லியாவிடம் நீட்டினார். மர்லியா வாங்கி, ஒரு முறை பிழை, ஒரு முறை சரி, இதை வைத்து உலகத்துக்கு எதுவும் சொல்ல முடியாது என்று ஆங்கிலத்தில் பணிவாகச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வீடுகளுக்குள் சனங்கள் இன்னும் நெருக்கியடித்துப் படுத்திருந்தார்கள். நடு லயத்துக்கு இனி யாரும் திரும்பிப் போக முடியாது என்று துரை சொல்லிவிட்டார். கீழ் லயத்தைப்பற்றி அவருக்கே நிச்சயமில்லை. ஆஸிக் சோமரத்ன ஆசிரியரின் வீட்டு வாசலில் நின்று, பக்கத்துக் காணி யாருடையது என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியர் உள்ளே வந்து உட்காரச் சொன்னார். ஆஸிக் நின்றபடியே கேட்டார். உரிமையாளரின் பெயர் கிடைத்ததும் நன்றி சொல்லிவிட்டு, செருப்பில் ஒட்டிய சேற்றைக்கூடத் தட்டாமல் ஈரப் பாதையில் வேகமாக நடந்தார்.